ஜிம்பார்டோவின் பெரிய வகுப்பறை ஸ்டான்ஃபோர்டில் இல்லை

#1 இரவுவகுப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியராக இருந்த ஃபிலிப் ஜிம்பார்டோ 2024 அக்டோபர் 14 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் காலமானார், வயது 91. அப்போது வந்த இரங்கல் குறிப்புகளில் நான் படித்தவை எல்லாமே முதல் வரியிலேயே "சிறைச்சாலைப் பரிசோதனை" என்று ஆரம்பித்தன. 1971இல் கல்லூரி மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து ஒரு போலிச் சிறையில் வைத்துப் பார்த்த ஆய்வு அது. ஆறு நாள் நடந்த ஒரு விஷயம் ஒரு மனிதரின் ஐம்பது வருட ஆசிரியர் வேலையை விழுங்கிவிட்டது. அவரும் அதற்குக் கொஞ்சம் காரணம்தான், அதைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புக்கு உளவியல் அறிமுகப் பாடம் எடுக்கிறேன், பகுதிநேரம். நம்ம ஊர்ச் சமுதாயக் கல்லூரி மாதிரி தொழிற்பயிற்சியை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அதுவும் உண்டு, கூடவே இரண்டு வருடம் குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேர்ந்துகொள்ளும் வழியும் உண்டு. என் வகுப்பில் நர்சிங்குக்குப் போக இந்தப் பாடம் தேவைப்படுகிறவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பி வந்தவர்கள், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வருகிற அம்மாக்கள், வேர்ஹவுஸ் சீருடையோடு வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு 1990களில் உளவியல் சொல்லிக் கொடுத்தவர் ஜிம்பார்டோ. நேரில் இல்லை, டிவியில். "டிஸ்கவரிங் சைக்காலஜி" என்று 26 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், 1990இல் வந்தது. கறுப்புக் குறுந்தாடியோடு கேமராவைப் பார்த்துப் பேசுவார், பார்க்க வில்லன் மாதிரி இருக்கும், பேச ஆரம்பித்தால் நம் பக்கத்து வீட்டு மாமா. ஸ்டான்ஃபோர்டுக்குள் கால் வைக்கவே வாய்ப்பில்லாத ஆட்களுக்கு ஸ்டான்ஃபோர்டு வாத்தியார் வீட்டு ஹாலில் வந்து பாடம் நடத்தினார்.

இந்த செமஸ்டரில் ஒரு வகுப்பை அவர் நினைவாக ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். எந்தப் பகுதியைப் போடலாம்? இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 கரிசல்காட்டான்

அக்கா, நான் எம்.எஸ்சி. உளவியல் படித்தபோது சீனியர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்தார், எங்கள் செட்டில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் பாஸ் ஆனோம். எட்டாவது பகுதி கற்றல் பற்றியது, பாவ்லோவ், வாட்ஸன், ஸ்கின்னர் எல்லோரையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். எங்கள் புத்தகத்தில் அது 70 பக்கம். என் ஓட்டு எட்டுக்கு.

#3 எதிர்க்கேள்வி

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேசணும் என்பது துக்க வீட்டுக்குச் சரி, வகுப்பறைக்குச் சரியில்லை.

அந்தப் பரிசோதனை என்ன லட்சணம் என்று 2018இலிருந்து எல்லாருக்கும் தெரியும். பென் ப்ளம் எழுதிய கட்டுரையில், உள்ளே "மனம் உடைந்து" கத்திய கைதி டக்ளஸ் கோர்பி, பரீட்சைக்குப் படிக்க வெளியே போகணும் என்று நடித்ததாகவே சொல்கிறார். அடுத்த வருடம் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தீபோ லெ டெக்ஸியே ஆவணக் காப்பகத்தில் இருந்த டேப்புகளைக் கேட்டு எழுதினார். காவலர்கள் தாங்களாகவே கொடூரமாக மாறவில்லை, எப்படி நடந்துகொள்ளணும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காவலர் மென்மையாக இருந்ததற்கு வார்டனாக நடித்த மாணவர் அவரைக் கூப்பிட்டு "இன்னும் கடுமையா இரு" என்று வற்புறுத்தியது டேப்பிலேயே இருக்கிறது. ஜிம்பார்டோவோ அந்தச் சிறைக்குத் தானே சூப்பரின்டெண்டன்ட். ஆராய்ச்சியாளரே நாடகத்தில் நடித்தால் அதற்குப் பெயர் என்ன?

சரி, அந்த 26 பகுதிகளில் 19ஆவது பகுதியில் இதே கதையை எப்படிச் சொல்கிறார்? "சூழ்நிலையின் ஆற்றல்" என்று. ஷாக் கொடுக்கச் சொன்னால் மக்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார்கள் என்று சோதித்த மில்கிராம், கூட்டத்தோடு ஒத்துப்போவதைச் சோதித்த ஆஷ் வரிசையில் தன்னையும் உட்கார வைத்துக்கொண்டு. இதைப் பார்த்த லட்சக்கணக்கான கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு அந்தத் தப்பும் சேர்ந்துதானே போய்ச் சேர்ந்தது? இதற்கா மரியாதை?

#4 இரவுவகுப்பு

"லட்சக்கணக்கான" என்ற எண்ணுக்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதா? இருந்தால் நான் வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். :)

மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். லெ டெக்ஸியே கட்டுரையை நானே மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தப்பை 2014 வரைக்கும் எத்தனை பாடப்புத்தகங்கள் திருத்தின? உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் க்ரிக்ஸ் அந்த வருடம் அறிமுக உளவியல் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார், பலவற்றில் விமரிசனம் என்று ஒரு வரிகூட இல்லை. பழி ஒருவர் தலையில் மட்டும் விழ முடியாது. எங்கள் தொழில் முழுக்கச் சேர்ந்து அதை வசதியாக வைத்துக்கொண்டது, ஏனென்றால் தூங்குகிற வகுப்பை எழுப்ப அதைவிட நல்ல கதை வேறு கிடையாது. ராத்திரி எட்டரை மணிக்குப் பாடம் எடுக்கிற எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

#5 இட்லிமாவு

நான் உளவியல்காரி இல்லை, ஆனால் எனக்கு இந்த மனுஷரிடம் தனிப்பட்ட கடன் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2003இல் கல்யாணம் முடிந்து, கணவரைச் சார்ந்து வருகிற எச்4 விசாவில் அமெரிக்கா வந்தேன். வேலைக்குப் போகக்கூடாது, கார் ஓட்டத் தெரியாது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரே இடம் கம்யூனிட்டி காலேஜ். அங்கே என்ன எடுக்கிறது என்று தெரியாமல் உளவியல் எடுத்தேன். புரொபசர் பேசுகிற ஆங்கிலம் பாதி புரியாது. கையைத் தூக்கிக் கேட்கவும் வாய் வராது, பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று.

லைப்ரரியில் இந்தத் தொடரின் டேப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காலேஜ் லைப்ரரி டிவி முன்னால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்காருவேன், புரியவில்லை என்றால் ரிவைண்ட். மறுபடி ரிவைண்ட். நேரில் இருக்கிற வாத்தியாரை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொல்ல முடியுமா? ஜிம்பார்டோ சலிக்காமல் சொன்னார். அந்த செமஸ்டரில் எனக்கு பி பிளஸ். அதற்கு அடுத்த செமஸ்டரில் கை தூக்கினேன்.

அப்புறம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் வெட்கப்படுதல் பற்றியே ஆராய்ச்சி செய்தவர் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த லைப்ரரியில் இருந்த எனக்கு முதலில் அந்தப் பாடத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

#6 கரிசல்காட்டான்

@இட்லிமாவு அக்கா, அந்தக் கூச்ச ஆராய்ச்சி சிறைப் பரிசோதனையின் வயிற்றில் பிறந்ததுதான். கூச்சமுள்ளவன் தனக்குள்ளேயே காவலனையும் கைதியையும் வைத்திருக்கிறான், காவலன் "பேசாதே" என்கிறான், கைதி கீழ்ப்படிகிறான் என்று அவர் விளக்குவார். 1972இல் சர்வே ஆரம்பித்தார்கள், கிட்டத்தட்ட நூற்றுக்கு நாற்பது பேர் "நான் கூச்ச சுபாவி" என்றார்கள். அதற்கப்புறம் ஸ்டான்ஃபோர்டில் கூச்சத்துக்கென்றே ஒரு கிளினிக். 1977இல் பொது வாசகர்களுக்கு ஒரு புத்தகமும் வந்தது.

எதிர்க்கேள்வி சொன்ன பரிசோதனை அறிவியலாகத் தேறாமல் போகலாம், அதிலிருந்து அவர் எடுத்த இந்த வால் எனக்கு உபயோகமாகத்தான் படுகிறது.

#7 பழைய ரேடியோ

நான் இங்கே 1984இல் வந்தவன், ஆகவே டிவிப் பாடம் எப்படி வந்தது என்று நேரில் பார்த்திருக்கிறேன். இளைஞர்களுக்காகக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ்கள்தான் டெலிகோர்ஸ் என்பதை முதலில் கையில் எடுத்தவை. டல்லாஸ் கவுன்ட்டி காலேஜ்கள் 1970களின் தொடக்கத்திலேயே பாடங்களைத் தயாரித்தன. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுன்ட்டியில் கோஸ்ட்லைன் காலேஜ் 1976இல் கேம்பஸ் என்று ஒன்று இல்லாமலேயே ஆரம்பித்தது. முறை இதுதான்: பணம் கட்டிச் சேருவீர்கள், பாடப்புத்தகமும் ஸ்டடி கைடும் வாங்குவீர்கள், உள்ளூர் பொதுத் தொலைக்காட்சியில் விடியற்காலையோ நடுராத்திரியோ பாடம் வரும், பரீட்சைக்கு மட்டும் காலேஜுக்குப் போவீர்கள். அங்கே உங்களுக்கென்று ஒரு வாத்தியார் இருப்பார், போனில் சந்தேகம் கேட்கலாம். எங்கள் தெருவில் ஷிஃப்ட் வேலை பார்த்த ஒருவர் விசிஆரில் டைமர் வைத்துவிட்டுப் போவார், அது சில நாள் சொதப்பி பாடத்துக்குப் பதில் சமையல் நிகழ்ச்சி பதிவாகியிருக்கும்.

இதற்குப் பெரிய பணம் வந்தது 1981இல். டிவி கைடு பத்திரிகையின் முதலாளி வால்டர் ஆனன்பெர்க், வருடம் ஒரு கோடி டாலர் என்று 15 வருடத்துக்கு, ஆக மொத்தம் 15 கோடி டாலர் தருவதாகப் பொது ஒலிபரப்புக் கழகத்திடம் ஒப்புக்கொண்டார், டிவி வழியே கல்லூரிப் படிப்பு என்ற ஒரே நோக்கத்துக்கு. அந்தப் பணத்தில் டபிள்யூஜிபிஎச் என்ற பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சி நிலையம் தயாரித்ததுதான் ஜிம்பார்டோவின் தொடர். முன்பெல்லாம் டெலிகோர்ஸ் என்றால் ஒருவர் கரும்பலகைக்கு முன் நின்று பேசுவார், நாம் தூங்குவோம். இதில் ஆய்வுக்கூடத்துக்குள் கேமரா போகிறது, ஆராய்ச்சி செய்தவரே வந்து பேசுகிறார். பதினோராவது பகுதியில் முடிவெடுப்பது பற்றிக் கானமனும் டுவர்ஸ்கியும் வருகிறார்கள். நோபல் பரிசு கானமனுக்குக் கிடைத்தது 2002இல், அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே கம்யூனிட்டி காலேஜ் மாணவர் அவரை வீட்டு டிவியில் பார்த்துவிட்டார்.

2001இல் தொடரைப் புதுப்பித்தார்கள். கடைசி இரண்டு பகுதிகளை எடுத்துவிட்டு மூளை அறிவியல் பற்றி ஒன்று, கலாசார உளவியல் பற்றி ஒன்று என்று சேர்த்தார்கள். இட்லிமாவு பார்த்தது எந்தப் பதிப்போ.

#8 இட்லிமாவு

25ஆவது பகுதியில் மூளை ஸ்கேன் வந்தது நினைவிருக்கிறது ஐயா, அப்படியானால் புதியதுதான்.

#9 எதிர்க்கேள்வி

பழைய ரேடியோ ஐயா எழுதியதைப் படித்தபின் ஒரு சந்தேகம். பணம் ஆனன்பெர்க்குடையது, தயாரிப்பு பாஸ்டன்காரர்களுடையது, பரீட்சைத் தாள் திருத்தியது பெயர் தெரியாத ஏதோ கம்யூனிட்டி காலேஜ் வாத்தியார். கேமரா முன்னால் நின்றவருக்கு மட்டும் மாலையா? அந்தப் போன் எடுத்துச் சந்தேகம் தீர்த்தவர்களுக்கு யார் இரங்கல் எழுதினார்கள்?

#10 இரவுவகுப்பு

இதுதான் சரியான கேள்வி. முதல் கேள்வியைவிட இது எனக்கு வலிக்கிறது.

எங்கள் வேலை எப்படி என்று சொல்கிறேன். முழுநேர ஆசிரியர் என்றால் செமஸ்டருக்கு ஐந்து வகுப்பு, ஆராய்ச்சி பண்ண நேரமே கிடையாது, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. என் மாதிரிப் பகுதிநேரம் என்றால் இரண்டு மூன்று காலேஜில் வகுப்பு, கார்தான் அலுவலகம், டிக்கியில் விடைத்தாள். ஒரு காலேஜில் (பெயர் வேண்டாம்) செமஸ்டர் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது என் வகுப்பை ரத்து செய்தார்கள், மாணவர் எண்ணிக்கை இரண்டு பேர் குறைந்ததாம். மூன்று மாத பட்ஜெட் அப்படியே போனது. இப்படி வேலை பார்க்கிறவர்கள் இறந்தால் பத்திரிகையில் வராது, டிபார்ட்மெண்ட் ஈமெயில் ஒன்று வரும், அதற்கு நாலு பேர் "சோ சாரி" என்று பதில் போடுவார்கள்.

அதற்காகவே ஜிம்பார்டோவை எனக்குப் பிடிக்கிறது என்றால் விசித்திரமாக இருக்கும். அவர் எங்களை ஒதுக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய "கோர் கான்செப்ட்ஸ்" என்ற சுருக்கமான பாடப்புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள். கூட எழுதியவர்களில் ராபர்ட் ஜான்சன் ஆரிகனில் அம்ப்குவா கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர், விவியன் மெக்கேன் போர்ட்லாண்ட் கம்யூனிட்டி காலேஜ். ஸ்டான்ஃபோர்டு புரொபசர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக 2002இல் இருந்தவர், இரண்டாண்டுக் கல்லூரி ஆசிரியர்களோடு சமமாக அட்டையில் பெயர் போட்டுக்கொள்வது இங்கே தினம் நடக்கிற காரியம் இல்லை. அந்தப் புத்தகம் எங்கள் மாணவர்களை நினைத்து எழுதப்பட்டது என்று பாடம் நடத்தும்போதே தெரியும். ஒரு அத்தியாயத்தை ஒரு ராத்திரி வகுப்பில் முடிக்க முடியும்.

#11 கரிசல்காட்டான்

சின்னத் திருத்தம், யாரும் தப்பாகச் சொல்லவில்லை, குழப்பம் வரக்கூடாது என்று. அவருடைய பெரிய பாடப்புத்தகம் "சைக்காலஜி அண்ட் லைஃப்" அவர் ஆரம்பித்தது இல்லை. ஃப்ளாய்ட் ரூக் என்பவர் 1937இல் எழுதியது, ஜிம்பார்டோ 1971இல் உள்ளே வந்தார், பிற்பாடு ரிச்சர்ட் கெரிக் சேர்ந்தார்.

#12 பழைய ரேடியோ

அவர் ஏன் ஒதுக்கவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. ஆள் எங்கிருந்து வந்தார் பாருங்கள். 1933இல் நியூயார்க் சவுத் பிராங்க்ஸில் பிறந்தார், சிசிலிக் குடும்பம், அரசு உதவிப் பணத்தில் ஓடிய வீடு. ஐந்து வயதில் நிமோனியாவும் கக்குவானும் வந்து மாதக்கணக்கில் தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் செத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். போனது புரூக்ளின் காலேஜ், அன்றைக்கு அந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது. உளவியல், சமூகவியல், மானுடவியல் மூன்றும் படித்து 1954இல் முடித்தார். அதற்கப்புறம்தான் யேல், அதற்கும் அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டு.

ஃபீஸ் இல்லாத காலேஜ் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குறுந்தாடியை நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

(இன்னொன்று, பிராங்க்ஸில் ஜேம்ஸ் மன்ரோ ஹைஸ்கூலில் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர் ஸ்டான்லி மில்கிராம். ஷாக் மெஷின் மில்கிராமேதான். அந்த ஸ்கூல் தண்ணீரில் என்னதான் கலந்திருந்தார்களோ.)

#13 எதிர்க்கேள்வி

சரி, இந்த பிராங்க்ஸ் விவரம் எனக்குத் தெரியாது. பரிசோதனை பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் வாபஸ் வாங்கவில்லை, ஆனால் மாலை வேண்டாம் என்று சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

இரவுவகுப்பு மேடத்துக்கு ஒரு யோசனை. எட்டாம் பகுதி பாதுகாப்பானது, யாருக்கும் பிரச்சினை வராது, அதனாலேயே வேண்டாம். 19ஐயே போடுங்கள். போட்டு, அவர் சிறையைப் பற்றிப் பேசி முடித்த இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் விளம்பரத்தைக் காட்டுங்கள்: சிறை வாழ்க்கை பற்றிய ஆய்வுக்கு ஆண் கல்லூரி மாணவர்கள் தேவை, நாளுக்கு 15 டாலர். 2007இல் கார்னஹன், மெக்ஃபார்லண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே விளம்பரத்தைச் "சிறை வாழ்க்கை" என்ற சொற்களோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாகப் போட்டார்கள். அந்தச் சொற்களைப் பார்த்து வந்தவர்கள் ஆதிக்க குணத்திலும் முரட்டுத்தனத்திலும் அதிக மதிப்பெண் வாங்கினார்கள், இரக்கத்தில் குறைவு. ஆக, சூழ்நிலை ஆளை மாற்றியதா, ஆள் சூழ்நிலையைத் தேடி வந்தானா? இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

வாத்தியாருக்கு மரியாதை செய்வதென்றால் அவர் பாடத்திலேயே அவரை மடக்குவதுதான்.

#14 இட்லிமாவு

பாவம் மனுஷன், செத்தும் பரீட்சை எழுதுகிறார்.

ஆனால் கிறிஸ்டினா மாஸ்லாக்கைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். ஐந்தாவது நாள் ராத்திரி உள்ளே வந்து பார்த்துவிட்டு "இந்தப் பசங்களுக்கு நீங்க செய்யறது கொடுமை" என்று சண்டை போட்டது அவர்தான், மறுநாள் நிறுத்தினார்கள். பிற்பாடு அவரும் ஜிம்பார்டோவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டதை ஆறாவது நாளில் நிறுத்திய ஆள், காதலி சொன்னதைக் கேட்டாரே, அதற்கே என் வீட்டில் மாலை போடுவோம்.

#15 இரவுவகுப்பு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்றுப் போட்டேன், 19ஐத்தான்.

படம் பழசு, நிறம் மங்கல், ஆரம்பத்தில் இரண்டு பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைது செய்கிற காட்சி வந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள், அந்தக் கதைக்கு இன்னும் வலு இருக்கிறது. நிறுத்தினேன், விளம்பரத்தைக் காட்டினேன், வார்டன் விஷயத்தைச் சொன்னேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலருக்கு நிஜமாகவே கோபம். நர்சிங்குக்குப் போகிற ஒரு பெண், "அப்ப இந்த வீடியோவை ஏன் எங்களுக்கு முதலில் காட்டினீங்க, கட்டுரையை முதலில் கொடுத்திருக்கலாமே" என்றாள். நான் தடுமாறினேன். நீங்கள் கோபப்படணும் என்றுதான் என்று சொன்னேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பின் வரிசையில் ஒருவர், நாற்பது வயது இருக்கும், ஒரு கிடங்கில் இரவுக் காவலர், சீருடையிலேயே வருவார், வகுப்பு முடிந்து நேரே வேலைக்கு. செமஸ்டர் முழுக்க வாய் திறந்ததில்லை. அவர் போனில் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், நான்கூட மெசேஜ் பார்க்கிறார் என்று நினைத்தேன். கை தூக்கினார். "1971இல் 15 டாலர் என்றால் இன்றைக்குச் சுமார் 115 டாலர். காவலர்களுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட் என்று சொன்னீங்க. மணிக்கு பதினாலரை டாலர்கூட வரவில்லை, கலிஃபோர்னியா மினிமம் வேஜுக்கும் கீழே. இந்தச் சம்பளத்துக்கு நானாக இருந்தால் யாரையும் அடிக்க மாட்டேன், உட்கார்ந்து தூங்குவேன்."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சூப்பர்வைசர் வந்து தட்டி எழுப்பி, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு கேட்டால்தான் எழுந்து எதையாவது செய்வேன்" என்றார்.

அடுத்த வாரம் லெ டெக்ஸியே கட்டுரை. அவரைத்தான் முதலில் பேசச் சொல்லியிருக்கிறேன்.